வாவியைத் தோண்டுமுன் வண்டலை அளந்து பாருங்கள்

ஆசிரியர் அவர்கட்கு,

மாரி பிடித்து, வாவிக்கு மேற்கே படுவான்கரை வயல் வட்டைகளில் கதிர் வெளிவருமுன் குடலைப் பருவத்தில் நிற்கும் வெள்ளாமை நீரில் மூழ்கியதும், “மட்டக்களப்பு வாவியைத் தூர்வாருங்கள்” என்ற குரல் பத்திரிகைகளில் எழுகிறது. அதன் பின்னால் இருக்கும் வேதனை உண்மையானது. கேட்கப்படும் மருந்துதான் நோய்க்குப் பொருந்தவில்லை.

வாவி ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளம். கடலோடு சேரும் வாய்கள் இரண்டு: வடக்கே பாலமீன்மடு முகத்துவாரம், தெற்கே கல்லாறு. வாவியின் அடி கடல் மட்டத்துக்குக் கீழே கிடக்கிறது. அதை இன்னும் ஒரு மீற்றர் தோண்டினால் உண்டாகும் பள்ளம் மழைக்கு முன்பே நீரால் நிறைந்திருக்கும். வெள்ளத்துக்கு அதில் இடம் ஏது? வெள்ளம் கொள்ளும் இடம் கடல் மட்டத்துக்கும் கரை வழியும் மட்டத்துக்கும் இடைப்பட்ட அந்தச் சொற்ப உயரம் மட்டுமே. கணக்கையும் பாருங்கள். ஒரு சதுர கிலோமீற்றரை ஒரு மீற்றர் ஆழம் தோண்டினால் 10 இலட்சம் கனமீற்றர் சேறு வரும். மூன்று கியூப் (ஒரு கியூப் 100 கன அடி) டிப்பரில் ஏற்றினால் ஏறத்தாழ 1,18,000 லோட். வாவியின் பரப்போ நூறு சதுர கிலோமீற்றருக்கு மேல். இதற்குக் காசு ஒதுக்க எந்த அரசாங்கத்தாலும் முடியாது; ஒதுக்கினாலும் சேற்றைக் கொட்ட இடமில்லை.

பாலங்களின் கீழும் முகத்துவாரத்தின் கழுத்திலும் நீரோட்டம் நெருக்கப்படும் இடங்கள் வேறு கதை. அங்கே ஆழம் கூடினால் நீர் வேகமாக வடியும். வடிச்சல் வாய்க்கால்களில் ஆற்றுவாழையும் (ஆகாயத்தாமரை) மண்ணும் அடைத்துக் கிடப்பதை அகற்றினாலும் வயலுக்கு உடனே பலன் தெரியும். இவற்றை யாரும் எதிர்க்கவில்லை. ஆனால் எங்கே, எவ்வளவு, எந்த வகை மண் சேர்கிறது என்று அளக்காமல் இயந்திரத்தை இறக்கினால் இரண்டு மாரியில் பழைய மேடு திரும்பிவிடும். போதாக்குறைக்கு, அடியில் அடங்கிக் கிடந்த சில இரசாயனங்களையும் எழுப்பிவிட்டவர்களாவோம்.

நம் ஆறுகள் கொண்டுவரும் மண் எல்லாம் ஒரே சாதியல்ல. மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களின் அடிப்பாறை பெரும்பாலும் விஜயன் தொகுதி எனப்படும் பழம்பாறைக் கூட்டத்தைச் சேர்ந்த நைஸ், கருங்கல் வகை. மழைநீர் மண்ணுக்குள் இறங்கும்போது வேர்களும் நுண்ணுயிர்களும் விடும் காபனீரொட்சைட்டால் சற்றே அமிலமாகிறது. அந்த நீர் பாறையிலுள்ள பெல்ஸ்பார் என்ற கனிமத்தைத் தின்று களிமண்ணாக்குகிறது. சோடியம், கல்சியம் கரைந்து ஆற்று நீருக்குப் போகின்றன. கரையாத குவார்ட்சு மணலாகிறது. இரும்பு துருவாகிக் களித் துகள்கள்மேல் பூச்சாகப் படிகிறது. இந்தத் துருப்பூச்சை மறந்துவிடாதீர்கள், பின்னால் அதற்குப் பெரிய வேலை இருக்கிறது.

துகளின் பருமனே அதன் பயணத்தைத் தீர்மானிக்கிறது. 28 பாகை நீரில், அசைவே இல்லாத நிலையில், 0.1 மில்லிமீற்றர் மணல் ஒரு மீற்றர் ஆழம் இறங்க ஏறத்தாழ இரண்டு நிமிடம் போதும். 0.01 மில்லிமீற்றர் வண்டலுக்கு இரண்டரை மணித்தியாலம் வேண்டும். 0.001 மில்லிமீற்றர் களித் துகளுக்குப் பத்து நாளுக்கு மேல் பிடிக்கும். ஆற்று நீர் ஒருபோதும் அசைவற்று நிற்பதில்லை என்பதால், தனித்தனியாக மிதக்கும் களி நன்னீரில் கிட்டத்தட்ட இறங்குவதே இல்லை எனலாம். மணல் அப்படியல்ல. அது படுக்கையோடு உருண்டும் துள்ளியும் போகிறது, ஓட்டம் தளர்ந்த இடத்தில் நின்றுவிடுகிறது. ஓட்டத்தின் வேகம் இரண்டு மடங்கானால் அது இழுக்கும் மணல் எட்டு மடங்குக்கும் மேலாகும். மணலில் பெரும்பகுதி வெள்ள நாட்களில்தான் நகர்கிறது என்பது இதிலிருந்தே விளங்கும்.

இங்கினியாகலையில் கல்லோயாவை, அதாவது பட்டிப்பளை ஆற்றை மறித்து 1950ஆம் ஆண்டையொட்டிக் கட்டிய சேனாநாயக்க சமுத்திரம் போன்ற பெரிய நீர்த்தேக்கத்துக்குள் வரும் மணல் திரும்பி வெளியே போவதில்லை. ஓர் ஆண்டு வரும் நீர் முழுவதையும் கொள்ளும் அளவான தேக்கம் வண்டலிலும் 95 வீதத்துக்கு மேல் பிடித்துவைத்துக்கொள்ளும். அணைக்குக் கீழே விடப்படும் தெளிந்த நீருக்கு மண் இழுக்கும் பலம் உண்டு, இழுக்க மண் இல்லை. ஆகவே அது படுக்கையையும் கரையையும் அரிக்கிறது. அதே ஆற்றில் அணைக்குக் கீழே நாம் மணலும் அள்ளினால், வரவு நின்ற கணக்கில் செலவு மட்டும் எழுதுகிறோம். படுக்கை தாழ்கிறது, பாலத் தூண்களின் அடி வெளியே தெரிகிறது, கரையோரக் கிணறுகளின் நீர்மட்டம் கீழிறங்குகிறது, கோடையில் உப்புநீர் முன்னர் எட்டாத தூரம்வரை மேலேறுகிறது. அனுமதிப்பத்திரத்தில் எத்தனை கியூப் என்று எழுதும்போது அந்த இடத்துக்கு ஆண்டுக்கு எத்தனை கியூப் மணல் வந்து சேர்கிறது என்ற எண்ணும் பக்கத்தில் இருக்க வேண்டும். அந்த எண் இல்லாத அனுமதி ஊகம்தான்.

களி வாவியை அடைந்ததும் கதை மாறுகிறது. களித் துகள்களின் மேற்பரப்பில் எதிர் மின்னேற்றம் இருப்பதால் நன்னீரில் அவை ஒன்றையொன்று தள்ளி விலகி மிதக்கின்றன. கடல்நீரிலுள்ள சோடியம், மக்னீசியம், கல்சியம் அயன்கள் அந்தத் தள்ளுவிசையை அடக்கிவிடும். உப்பு லீற்றருக்கு 1 முதல் 3 கிராம் அளவுக்கு ஏறியதுமே துகள்கள் ஒட்டித் திரளாகின்றன. திரள்கள் நொடிக்கு மில்லிமீற்றரில் பத்திலொரு பங்கு முதல் ஒரு மில்லிமீற்றர் வரை இறங்கும். பத்து நாள் எடுத்த பயணம் சில மணித்தியாலத்துக்குள் முடிந்துவிடுகிறது. நீர் சுத்திகரிப்பு நிலையத்தில் அலுமினியம் சல்பேற்றுப் போடுவதும் இதே வேலைக்குத்தான். மூன்று மின்னேற்றம் கொண்ட அலுமினியத்துக்குப் பலம் மிக அதிகம் என்பதால் லீற்றருக்குச் சில பத்து மில்லிகிராமே போதுகிறது. தேற்றாங்கொட்டையை மண்பானையின் உட்புறத்தில் உரைத்துக் கலங்கல் தெளியவைத்த பாட்டிமாரும் துகள்களைத் திரளவைத்தவர்கள்தாம். ஆனால் அந்த நீரில் கிருமி சாகாது, கொதிக்கவைத்தே குடிக்க வேண்டும்.

ஆகவே, வெள்ள நீர் உப்பைச் சந்திக்கும் இடமே சேறு படியும் இடம். அந்த இடம் நிலையானதல்ல. அலை குவிக்கும் மணல் மேட்டால் முகத்துவாரம் மூடியிருந்தால் ஒரு இடம், திறந்திருந்தால் வேறு இடம். மழை வலுத்தால் அது கடலை நோக்கித் தள்ளப்படும், குறைந்தால் உள்ளே வரும். சேறு எங்கே படிய வேண்டும் என்பதை ஓரளவு நாமே முடிவுசெய்கிறோம், அந்த மணல் மேட்டை வெட்டி முகத்துவாரத்தைத் திறக்கும் நாளைத் தெரிவுசெய்வதன் மூலம்.

இனி அந்தத் துருப்பூச்சு. முச்சுப்பர்பொஸ்பேற்று உரம் 50 கிலோ மூடை ஒன்றில் சுத்தப் பொஸ்பரஸ் ஏறத்தாழ 10 கிலோ உண்டு. பயிர் அந்தப் போகத்திலேயே எடுப்பது அதில் ஒரு பங்கு. மீதியில் பெரும்பகுதி மண்ணிலுள்ள இரும்புத் துருவோடு ஒட்டிக்கொள்கிறது. மழைநீர் வயல் வரம்பை உடைத்துக்கொண்டு ஓடும்போது பொஸ்பரஸ் நீரில் கரைந்து போவதைக் காட்டிலும் களியோடு ஒட்டிப் போவதே அதிகம். நீரை மட்டும் வடிகட்டிச் சோதித்து “பொஸ்பேற்று குறைவு, பிரச்சினை இல்லை” என்று அறிக்கை எழுதினால், வண்டியை விட்டுவிட்டுச் சாரதியை மட்டும் சோதித்த கதையாகிவிடும்.

வாவியின் அடியில் படிந்த சேற்றில் ஒட்சிசன் மேல் சில மில்லிமீற்றருக்கே உண்டு. அது தீர்ந்ததும் நுண்ணுயிர்கள் நைத்திரேற்றையும், பிறகு மங்கனீசையும், அதன் பின் இரும்புத் துருவையும் சுவாசத்துக்குப் பயன்படுத்துகின்றன. துரு கரைந்தால் அதைப் பற்றியிருந்த பொஸ்பேற்றும் விடுபடும். அடுத்து வருவது சல்பேற்று. கடல்நீரில் லீற்றருக்கு 2.7 கிராம் சல்பேற்று இருப்பதால் வாவியில் அதற்குப் பஞ்சமில்லை. அது சல்பைட்டாக மாறி இரும்போடு சேர்ந்து கரும்சேறாகிறது. காலால் மிதித்தால் அழுகிய முட்டை நாற்றம் வருவது இதனால்தான். இரும்பு சல்பைட்டோடு பிணைந்துவிட்டால் பொஸ்பேற்றைத் திரும்பப் பிடிக்க இரும்பே மிஞ்சாது. கோடையில் வாவி பச்சையாவதற்கு அந்த ஆண்டு போட்ட உரம் மட்டும் காரணமல்ல, முந்தைய ஆண்டுகளில் வந்து படிந்த சேறும் பங்காளி.

இந்தக் கரும்சேற்றைத் தோண்டும் இயந்திரத்தால் கிளறினால் என்ன ஆகும்? சல்பைட்டாக உள்ள ஒவ்வொரு மில்லிகிராம் கந்தகமும் சல்பேற்றாக மாற 2 மில்லிகிராம் ஒட்சிசனை இழுக்கும். 28 பாகையில் நன்னீர் கொள்ளக்கூடிய ஒட்சிசனே லீற்றருக்கு 7.8 மில்லிகிராம்தான், உப்புநீரில் அதிலும் குறைவு. 2 மில்லிகிராமுக்குக் கீழே போனால் மீன்கள் மேலே வந்து வாயைத் திறக்கும். எடுத்த சேற்றைக் கரையில் குவித்தால் இன்னொரு வில்லங்கம்: காற்றுப் பட்டதும் அதிலுள்ள பைரைற்று என்ற இரும்புச் சல்பைட்டிலிருந்து கந்தக அமிலம் உண்டாகிறது. சிப்பி ஓடு போன்ற சுண்ணாம்பு அதிகம் கலந்த சேறு இதைச் சமாளிக்கும். இல்லாத சேற்றின் பிஎச் (குறையக் குறைய அமிலம் கூடுதல் என்று காட்டும் எண்) 4க்குக் கீழே போய்விடும். அதன்மேல் புல்லும் முளைக்காது, முதல் மழையில் கழுவி வரும் நீர் அலுமினியத்தையும் இரும்பையும் கரைத்துக்கொண்டு திரும்ப வாவிக்கே போகும். அப்படிப்பட்ட சேற்றைக் கண்டுபிடிக்கப் பெரிய ஆய்வுகூடம் தேவையில்லை. ஒரு தேக்கரண்டி சேற்றில் பிஎச் அளந்துவிட்டு, 30 வீத ஐதரசன் பேரொட்சைட்டைச் சிறிது சிறிதாக விட்டு, பொங்கி அடங்கிய பின் மறுபடி அளந்தால் போதும். பிஎச் 3க்குக் கீழே விழுந்தால் அந்தச் சேற்றைக் கரையில் போடாதீர்கள். கையுறையும் கண்கவசமும் இன்றி இதைச் செய்யவும் வேண்டாம். அந்தத் திரவம் தோலை வெளுக்கவைத்துச் சுடும்.

அளப்பது எப்படி என்பதே இந்தக் கடிதத்தின் பிரதான நோக்கம். உயர்தர விஞ்ஞான மாணவர்கள், கமக்காரர் அமைப்புகள், மீனவர் சங்கங்கள் சேர்ந்தே இதில் பாதியைச் செய்யலாம்.

நீர் மாதிரி எடுப்பவர்கள் வழக்கமாகச் செய்வது, வெயில் நாளில் கரையில் நின்று போத்தலை முக்கி எடுப்பது. மூன்று வகையில் இது ஏமாற்றும். கரையோர ஓட்டம் மெதுவானது, நடு ஆற்றின் மண் அதில் இல்லை. மேல் நீரில் களி இருக்கும், மணல் அடியில் போகிறது. ஆண்டுக்கான மண்ணில் பெரும்பகுதி சில வெள்ள நாட்களிலேயே போய்விடுவதால் வெயில் நாளின் எண்ணுக்குப் பெரிய பொருள் இல்லை. வெள்ளம் ஏறும்போது எடுங்கள். வயலிலும் ஒழுங்கைகளிலும் தளர்ந்து கிடக்கும் மண்ணை முதல் நீர் வழித்துக்கொண்டு வருவதால் பெரும்பாலும் கலங்கல் உச்சத்தை எட்டுவது நீர் உச்சத்தை எட்டுவதற்கு முன்னரே. வெள்ளம் வடியும்போது, அதே நீர்மட்டத்தில், பாதி மண்கூட இராது. ஏறும்போது மூன்று மணித்தியாலத்துக்கு ஒரு முறை, வடியும்போது ஆறு மணித்தியாலத்துக்கு ஒரு முறை, கோடையில் இரு வாரத்துக்கு ஒரு முறை எடுத்தால் நல்ல பதிவு கிடைக்கும். இரவில் எடுக்க நேர்ந்தால் இருவராவது போக வேண்டும், கயிறு பாலத்தின் கைப்பிடியில் கட்டியிருக்க வேண்டும்.

ஒரு லீற்றர் போத்தலை இரும்புக் கம்பியில் இறுக்கிக் கட்டுங்கள். இறப்பர் அடைப்பானில் இரண்டு குழாய்: நீர் புக 6 மில்லிமீற்றர் குழாய் ஓட்டத்தை எதிர்நோக்கி, காற்று வெளியேற மெல்லிய குழாய் பின்னோக்கி. பாலத்திலிருந்து ஒரே சீரான வேகத்தில் இறக்கி, அடியைத் தொடுவதற்கு ஒரு சாண் முன்பே திருப்பி அதே வேகத்தில் ஏற்றுங்கள். அடியில் மோதினால் படுக்கை மண் உள்ளே புகுந்து எண்ணைக் கெடுக்கும். போத்தல் முக்கால் நிரம்பியிருந்தால் சரி. கழுத்துவரை நிரம்பியிருந்தால் நிறைந்த பிறகும் மண் மட்டும் சேர்ந்திருக்கும், கொட்டிவிட்டு வேகத்தைக் கூட்டி மறுபடி இறக்குங்கள். ஆற்றின் குறுக்கே ஐந்து இடத்தில் இப்படி எடுக்க வேண்டும்.

ஆய்வுகூடத்தில் முன்பே எடை பார்த்த கண்ணாடியிழை வடிதாளில் அளந்த நீரை வடித்து, 105 பாகையில் ஒரு மணித்தியாலம் உலர்த்தி, ஈரம் உறிஞ்சும் பாத்திரத்தில் ஆறவிட்டு மீண்டும் நிறுங்கள். வாவி நீரில் எல்லோரும் வழுக்கும் இடம் ஒன்று உண்டு. லீற்றருக்கு 20 கிராம் உப்புள்ள நீர் வடிதாளில் ஒரு மில்லிலீற்றர் தங்கினாலே உலர்ந்த பின் 20 மில்லிகிராம் உப்பு நிற்கும். லீற்றருக்கு 40 மில்லிகிராம் கலங்கலுள்ள நீரில் அரை லீற்றரை வடித்தால் கிடைக்கும் சேறும் அதே 20 மில்லிகிராம்தான். காய்ச்சி வடித்த நீரால் 10 மில்லிலீற்றராக மூன்று தரம் கழுவாத வடிதாள் இரண்டு மடங்கு பொய் சொல்லும்.

கிடைத்த செறிவை, லீற்றருக்கு மில்லிகிராமில், நொடிக்குக் கனமீற்றரிலுள்ள நீரோட்டத்தால் பெருக்கி, 0.0864ஆல் பெருக்கினால் நாளொன்றுக்கு எத்தனை தொன் என்று வரும். உதாரணத்துக்கு, நொடிக்கு 100 கனமீற்றர் நீரில் லீற்றருக்கு 400 மில்லிகிராம் என்றால் நாளுக்கு 3,456 தொன். புதிதாகப் படிந்த சேற்றில் கனமீற்றருக்கு உலர் எடை அரை தொன் அளவே என்று கொண்டால், அது ஏறத்தாழ 7,000 கனமீற்றர் மேடு. தராசு இல்லாத இடத்தில் கலங்கல்மானி உதவும். ஆனால் அதன் எண்ணை அப்படியே மில்லிகிராம் என்று எழுதக் கூடாது. அந்த ஆற்றிலேயே எடை பார்த்த மாதிரிகளோடு ஒப்பிட்டுத்தான் மாற்ற வேண்டும். வாவியில் 20 சென்ரிமீற்றர் கறுப்பு வெள்ளைத் தட்டைத் தோணியிலிருந்து இறக்கி மறையும் ஆழத்தைக் குறித்தாலும் போதும், நண்பகலை ஒட்டி, தோணியின் நிழல் விழும் பக்கத்தில்.

பொஸ்பேற்றுக்கு 0.45 மைக்ரோன் வடியில் அங்கேயே வடித்து, பனிக்கட்டியில் வைத்து, இரண்டு நாளுக்குள் சோதிக்க வேண்டும். சவர்க்காரத் தூளில் கழுவிய போத்தல் வேண்டாம், ஐதான ஐதரோகுளோரிக் அமிலத்தால் கழுவுங்கள். பார உலோகங்களுக்கு நைத்திரிக் அமிலம் சேர்ப்பது வடித்த பின்தான். வடிக்காத கலங்கல் நீரில் அமிலம் விட்டால் களியில் ஒட்டியிருந்த உலோகமும் கரைந்து, “நீரில் ஈயம்” என்று தலைப்புச் செய்தி வந்துவிடும். படிந்த சேற்றில் உலோகத்தை ஒப்பிடுவதானால் 0.063 மில்லிமீற்றர் சல்லடையில் சலித்துக் கீழே இறங்கிய பகுதியை மட்டும் ஒப்பிடுங்கள். மணல் அதிகமான இடம் எப்போதும் சுத்தமாகவே தெரியும். ஒட்சிசனைச் சூரியன் உதிக்குமுன் அளக்க வேண்டும், மதியம் அளந்தால் பாசி செய்த ஒட்சிசனையும் சேர்த்து அளந்து திருப்திப்பட்டுக்கொள்வோம்.

முகத்துவாரத்துக்கு வருவோம். கமக்காரர் நேரத்தோடு வெட்டக் கேட்கிறார்கள், மீனவர்கள் பொறுக்கச் சொல்கிறார்கள், ஆண்டுதோறும் இந்த இழுபறி. வாவி நீர் கடல் மட்டத்துக்குச் சற்றே மேலே நிற்கும்போது வெட்டினால் ஓட்டம் மணலை அரித்து வாயை அகலமாக்கும் வேகத்தை அடையாது. அலை கொண்டுவரும் மணல் சில நாளில் திரும்ப மூடிவிடும். உப்புநீரும் பாரமானதால் அடிவழியே உள்ளே புகுந்து, மேலே நன்னீரும் கீழே உப்புநீருமாக இரண்டு தட்டாகும். கீழ்த் தட்டுக்குக் காற்று எட்டாது, ஒட்சிசன் தீரும், மேலே சொன்ன சேற்று இரசாயனம் தொடங்கும். மிகவும் தாமதித்தாலோ கலங்கல் நீர் உள்ளேயே தேங்கிக் களியைப் படியவிடும், வயலும் போய்விடும். முதல் பெரு வெள்ளம் கலங்கலோடு வாவியை எட்டும் வேளையில், கடல் வற்றத் தொடங்கும் மணியில் வெட்டினால் நீரும் போகும், சேற்றில் ஒரு பகுதியும் கடலுக்குப் போகும். கிழக்குக் கரையில் வற்றுப்பெருக்கு வித்தியாசம் ஒரு மீற்றருக்கும் குறைவு என்பதால் அந்தச் சில மணித்தியாலங்களை வீணாக்கக் கூடாது. உன்னிச்சை, நவகிரிக் குளங்களின் வான்கதவு திறக்கும் நேரத்தையும் வெட்டும் நேரத்தையும் ஒரே மேசையில் முடிவுசெய்தால் இது நடக்கக்கூடியதே.

நீர்ப்பாசனத் திணைக்களம், நாரா (தேசிய நீர்வாழ் வள ஆராய்ச்சி நிறுவனம்), வந்தாறுமூலைக் கிழக்குப் பல்கலைக்கழகம், ஒலுவில் தென்கிழக்குப் பல்கலைக்கழகம் ஆகியவற்றிடம் ஒரு வேண்டுகோள். கல்லடி, வலையிறவு, மண்முனை, பெரியகல்லாறுப் பாலங்களில் ஒரே குறுக்குக் கோட்டில் மாரிக்கு முன்னும் பின்னும் ஆழம் அளந்து இரண்டு வரைகோடுகளையும் பொதுவில் வையுங்கள். தோண்டக் கேட்கும் இடங்களில் இரண்டு அங்குல பீவிசிக் குழாயை ஒரு மீற்றர் இறக்கி, மேல்வாயை அடைத்து இழுத்தெடுத்த சேற்றுக் கோலைத் துண்டு துண்டாகச் சோதித்து, கந்தக அளவை வெளியிட்ட பிறகே கேள்விப்பத்திரம் கோருங்கள்.

ஆசிரியரிடமும் ஒன்று கேட்கிறோம். மாரிக் காலத்தில் மழைவீழ்ச்சியைத் தாங்கள் நாள்தோறும் வெளியிடுகிறீர்கள். அதன் பக்கத்தில் நான்கு எண்களுக்கு இடம் தாருங்கள்: கல்லடியில் நீர்மட்டம், முகத்துவாரம் திறந்ததா மூடியதா, பாலத்தடியில் மேல் நீரினதும் அடி நீரினதும் மின்கடத்துதிறன் (உப்பு கூடினால் இதுவும் கூடும்), வாவிக்குள் வரும் ஆற்று நீரின் கலங்கல். மின்கடத்துதிறன் சென்ரிமீற்றருக்கு 2,000 முதல் 5,500 மைக்ரோசீமன்ஸ் வரை, அதாவது மேலே சொன்ன லீற்றருக்கு 1 முதல் 3 கிராம் உப்பு, காட்டும் இடத்தில்தான் அன்றைக்குச் சேறு திரளத் தொடங்குகிறது. அந்த இடம் நாளுக்கு நாள் எங்கே நகர்கிறது என்பதைத் தோணிக்காரரும் கமக்காரரும் தாங்களே பத்திரிகையில் பார்த்துக்கொள்ளலாம்.

இங்ஙனம்,
நீரியல், மண்ணியல் கற்பிக்கும் சிலர்,
மட்டக்களப்பு